ஏழாம் எண்ணின் ஞாயிறுகள்

சித்தூர் மிஷன் காம்பவுண்டில் எங்கள் வீட்டுக்கும் வேதநாயகம் அண்ணன் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அவர்கள் தாளித்தால் நாங்கள் தும்முவோம். அதனால் அந்த வீட்டு விஷயம் இந்தத் தபிதாவுக்கு எப்படித் தெரிந்தது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் வெட்கப்படுகிற ஆள் நான் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும், காதை அடக்காவிட்டாலும் வாயையாவது அடக்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

முதலில் அந்த வீட்டுப் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கும் கிருபாபாய் அக்காவுக்கும் ஒரே பிள்ளை, ஜெர்ரி. திருப்பதியில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் அக்கா, "கம்ப்யூட்டர்ல வெளயாட்டு பாக்குறான்" என்பார். பத்தாம் வகுப்பில் இதே வேலையைப் பார்த்ததற்காகத்தான் அவனை விளக்குமாற்றால் அடித்தார். இப்போது அதற்கு ஆபீஸ், ஏசி, கழுத்தில் தொங்கும் அட்டை. வெளிநாட்டு அணிகள் தங்கள் ஆட்டங்களின் விவரங்களை அனுப்பும். யார் நன்றாக ஆடுகிறார், அடுத்த போட்டிக்கு யாரை எடுக்கலாம், யாரை விட்டுவிடலாம் என்று எண்களை வைத்து இவர்கள் சொல்லவேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டர் கழிந்த வாரம் வாலிபர் கூட்டத்தில் அவனைப் பேசச் சொன்னார்கள். நான் வாலிபத்தைக் கடந்து ரொம்ப நாளாயிற்று. ஆனாலும் டீ கொடுக்க ஆள் வேண்டுமே என்று போய் உட்கார்ந்தேன்.

"எதிராளி எப்பிடி, தரை எப்பிடி, வெயில் எப்பிடின்னு எல்லாத்தையும் வெச்சு, இந்த நெலமையில ஒரு சாதாரண ஆளு எவ்ளோ செய்வாங்கன்னு மொதல்ல கணக்கு போடணும்" என்றான் ஜெர்ரி. "அவங்க நெஜமா செஞ்சதுல இருந்து அத்த கழிக்கணும். கழிச்சா மிச்சம் நிக்குது பாருங்க, அது தான் ஆளு."

கழித்தால் மிச்சம் நிற்பதுதான் ஆள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடமிருந்து அவருடைய உத்தியோகத்தையும் அவருடைய அம்மாவையும் கழித்துப் பார்த்தேன். மிச்சத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டாம்.

பிறகு அவன் ஹாக்கிக் கதையைச் சொன்னான். ஏதோ ஒரு கிழக்கு நாட்டுப் பெண்கள் அணி. பதினோராம் எண் பனியன் போட்ட பெண்ணைச் சர்வதேசப் போட்டிக்கான பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாக இருந்தார்கள். ஒரு நாள் அற்புதமாக ஆடுகிறாள், மறுநாள் பந்தையே காணோம். சீராக இல்லை. ஜெர்ரிக்கு மட்டும் அந்த எண்கள் உறுத்தின. ஒரே ஆள் இரண்டு ஆளைப் போல இருந்தாளாம். ஒன்பது ஆட்டங்களின் வீடியோவை உட்கார்ந்து பார்த்திருக்கிறான். ஒரு ஆட்டத்தில் அந்தப் பெண்ணின் பனியனில் ரத்தம் பட்டுவிட்டது. ரத்தம் பட்ட பனியனோடு ஆடக்கூடாதாம். மாற்றிப் போட்டுக்கொண்டவள் வேறு எண்ணோடு ஓட, பிறகு மூன்று ஆட்டங்களில் பதினோராம் எண்ணோடு ஓடியது இன்னொருத்தி. எழுதியவர் எண்ணை மட்டும் பார்த்து எழுதிவிட்டார். இவன் அதைப் பிடித்துக் கொடுத்தான், அவள் பட்டியலில் நின்றாள். அணி முழுவதும் கையெழுத்துப் போட்டு ஒரு ஹாக்கி மட்டை அனுப்பினார்கள். கிருபாபாய் அக்கா அதை முன்னறையில் ஞானஸ்நானப் படத்துக்குப் பக்கத்தில், ஜரிகைத் தாள் சுற்றி மாட்டியிருந்தார்.

எல்லோரும் கை தட்டினோம். இரண்டாவது பெஞ்சில் இருந்த வேதநாயகம் அண்ணன் மட்டும் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். சர்க்கரை போதவில்லையோ என்று நினைத்தேன்.

அண்ணனுக்கு ரேணிகுண்டாவைத் தாண்டி ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் வேலை. நம் ஊர் மாம்பழக்கூழ் டிரம்மில் அடைபட்டு, கன்டெய்னரில் ஏறி, சரக்கு ரயிலில் துறைமுகம் போகிறது. ஒரு ரயிலுக்கு நாற்பத்தைந்து வேகன், முந்நூற்று அறுபது சக்கரம். ரயில் கிளம்புமுன் அத்தனையையும் நடந்து பார்ப்பதற்கு அந்தக் கம்பெனி ஆறு பேரை வைத்திருந்தது. சுத்தியலால் தட்டினால் நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது பொத்தென்று சொல்லும். புறங்கையை வைத்துச் சூடு பார்க்கவேண்டும், குனிந்து பிரேக் கட்டையைப் பார்க்கவேண்டும். சந்தேகம் வந்தால் சாக்பீஸால் ‘சிக்', அதாவது நோயாளி, என்று எழுதி அந்த வேகனைக் கழற்றிவிடவேண்டும். காய்ச்சல்காரனை வரிசையிலிருந்து நகர்த்தி உட்காரவைப்பது போல. அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தால்கூடக் கை சும்மா இருக்காது. குக்கரைத் தட்டி, "தபிதாம்மா, இதுக்கு ஆயுசு முடிஞ்சுது" என்பார். அந்த வாரமே அது வெடிக்கும்.

வாரநாட்களில் முதல் பஸ் பிடித்துப் போவார். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை ஷிப்டு. புதன்கிழமை ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை முழுக்கைச் சட்டையோடு சர்ச்சில் வேதபாடம் வாசிப்பார். ஒரு சொல் பிசகாது. "அண்ணே, புதனும் வூட்ல இருக்கீங்க, ஞாயிறும் இருக்கீங்க. உங்க கம்பெனியில ரெண்டு நாளு லீவா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "அட்ஜஸ்ட்மென்ட்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு நான் விட்டது என் வாழ்நாளில் நடந்த பிசகு.

போன வருஷம் ஜனவரியில் அந்த யார்டுக்காரர்கள் ஜெர்ரியின் ஆபீசுக்கே வந்தார்கள். ஆறு பரிசோதகர்களில் ஐந்து பேர் போதும், யார் சரியில்லை என்று உங்கள் முறையில் சொல்லுங்கள் என்று மூன்று வருஷப் பதிவுகளைக் கொடுத்தார்கள். ஜெர்ரி தன் மேலாளரிடம், எங்கள் நைனா அங்கேதான் வேலை செய்கிறார் என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான். பேரே கிடையாது, சேர்ந்த வரிசையில் கொடுத்த வெறும் எண்தான், உனக்கென்ன என்றாராம் மேலாளர். பையனுக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பயப்படாத நைனா. நம்பருக்கு அப்பன் தெரியாது, மாமன் தெரியாது. அதான் நாயம்" என்றான்.

"நாயமா செய்டா" என்றார் அண்ணன். அவ்வளவுதான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. சூளூர்பேட்டையிலிருந்து வந்த கருவாட்டில் குழம்பு வைத்திருந்தேன். ஜெர்ரிக்குப் பிடிக்குமே என்று கிண்ணத்தோடு போனேன். பிடிக்கும் என்பது உண்மை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் உயர்ந்தது என்பதும் உண்மை.

ஜெர்ரி அப்போதுதான் திருப்பதியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தான். அண்ணன் நாற்காலியில். அக்காவின் கையில் ஒரு கடிதம். மூன்று நாளாக அண்ணனின் டிபன் பையிலேயே கிடந்ததாம்.

"பாருடா, உன் கம்பெனி லச்சணத்த. மாசக் கடைசியோட வரவேணாமாம் உங்க நைனாவ. சரியா வேல செய்யலியாம். பதினாலு வருசம்!"

ஜெர்ரி கடிதத்தை வாங்கினான். முதல் தாளை வேகமாகப் பார்த்தான். இரண்டாவது தாளில் புள்ளி புள்ளியாக ஆறு வரிசை போட்ட ஒரு படம். அதைப் பார்த்ததும் பை தானாகத் தோளிலிருந்து நழுவியது.

"நைனா... ஏழு நீயா?"

"பதினாலு வருசமா நான் தான் ஏழு."

"எனக்குத் தெரியாதும்மா" என்றான் அவன், அக்காவைப் பார்த்து. "சத்தியமா தெரியாது. வெறும் நம்பர் தான் குடுத்தாங்க."

"எங்கியோ இருக்கிற பொண்ணு பனியன மாத்தினா ஒனக்குத் தெரியுது. பெத்தவன் நம்பரு தெரியல."

அவன் அந்தப் படத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, யாரிடமோ நியாயம் கேட்பதுபோலப் பேசினான். "ஏழு மோசமான ஆளு இல்லம்மா. அதான் கஷ்டமே. முக்காவாசி நாளு ஆறு பேர்லயும் நல்லா பாக்குறது ஏழு தான். மீதி நாளு ஒரேடியா லேட்டு, ரெண்டு மணி நேர வேலைக்கு மூணரை. சீரா இல்லன்னு தான் கணக்கு கீழ போட்டுச்சு." பிறகு அண்ணனைப் பார்த்தான். "ஞாயித்துக்கெழமன்னா ஏன் நைனா அவ்ளோ லேட்டு?"

அண்ணன் வாய் திறக்கவில்லை. வேறு யாரும் திறந்திருக்கமாட்டார்கள். நான் இருந்தேனே.

"ஞாயித்துக்கெழம உங்க நைனா எங்கடா யார்டுக்குப் போனாரு? ரெண்டாவது பெஞ்சுல இல்ல குந்திக்கினு இருக்காரு?"

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. கிண்ணத்திலிருந்து குழம்பு என் புடவையில் வழிந்தது. யாரும் துணி எடுத்துத் தரவில்லை. ஜெர்ரி தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோராம் எண் பனியன் அவன் கண்ணுக்குள் ஓடியதை நான் பார்த்தேன் என்றுகூடச் சொல்வேன்.

அண்ணன் மெதுவாகத்தான் சொன்னார். யார்டுக்கு ஞாயிறு கிடையாது. சேர்ந்த முதல் மாதமே அவர் ஞாயிறு கேட்டார், கிடைக்கவில்லை. அப்போது கிருஷ்ணப்பா என்கிற கூட்டாளி, நள்ளிரவு தொடங்கிக் காலை எட்டு வரைக்கும் ஷிப்டு பார்க்கிறவர், "நான் அப்பிடியே நின்னு உன்னோடதையும் பாத்துடறேன் அண்ணா, நீ கோயிலுக்குப் போ" என்றார். பதிலுக்குக் காணிப்பாக்கம் உற்சவ நாட்கள், ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணிக் காவடி, கடலைக்காய் பிடுங்கும் வாரம் என்று கிருஷ்ணப்பாவின் ராத்திரிகளை அண்ணன் பார்த்தார். முதலில் காகிதப் பதிவேடு, பிறகு கையில் பிடிக்கிற டேப்லெட். ஷிப்டு யாருடையதோ அவர் எண்ணை அழுத்திவிடுவார்கள். வேலை நடந்தது, வேகன் போயிற்று, யாரும் கேட்கவில்லை.

"ஓவர்டைம்னு சொன்னீங்களே" என்றார் அக்கா. "கம்பெனியில ஞாயிறு குடுத்துட்டாங்கன்னு சொன்னீங்களே. பதினாலு வருசமா அங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு பாடமா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கடிதத்துக்குக் குனியாத தலை.

ஜெர்ரி கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டான். "எந்தெந்த நாளு நைனா? ஞாயிறு தெரியும். மத்தது?" அண்ணன் எழுந்து சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சபைக் காலண்டர்களைக் கொண்டுவந்தார். மூன்று வருஷத்தவை. சில கட்டங்களில் பேனாப் புள்ளிகள். பால்காரன் வராத நாள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். தகப்பன் தேதி சொல்ல, மகன் கம்ப்யூட்டரில் தட்டினான். நான் போகாமல் உட்கார்ந்திருந்தேன். போ என்றும் யாரும் சொல்லவில்லை.

கடைசியில் ஜெர்ரி கைகளை முகத்தில் வைத்துக்கொண்டான்.

"ரெண்டு பேரும் ஒண்ணு தான் நைனா. ஒனக்கும் அவுருக்கும் ரெண்டு நிமிசம் கூட வித்தியாசம் இல்ல. லேட்டானது ஆளு இல்ல, தூங்காத ஒடம்பு." அவன் மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினான். "நீ அவுரு ராத்திரியப் பாத்தாலும் சரி, அவுரு ஒன் பகலப் பாத்தாலும் சரி, ரெண்டாவது எட்டு மணி நேரம் காலைல தான் வருது. காலை ஷிப்டு ஒன் நம்பரு. அவுரு நம்பர்ல எப்பவும் தூங்கி எழுந்த ஆளு. ரெண்டு பேரு களைப்பும் ஒன் ஒருத்தன் மேல வுழுந்துக்குது."

"அவன் என்னா நம்பரு?"

"நாலு."

"நாலு ஒன் லிஸ்ட்ல எத்தினாவது?"

"மொதல்ல."

"அப்பிடியே வுடு" என்றார் அண்ணன்.

ஜெர்ரி கத்தினான். திங்கட்கிழமை போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றான். அண்ணன் குரல் உயரவே இல்லை. "சொன்னா இன்னா ஆவும்? ஆள் மாத்தி நம்பர் போட்டானுங்கன்னு ரெண்டு பேரையும் அனுப்புவாங்க. எனக்கு ஒரு வருசம், ரெண்டு வருசம். அவனுக்கு இன்னும் பன்னெண்டு வருசம் இருக்குது. அவங்க நைனா அடுத்தவன் நெலத்துல குனிஞ்சே செத்தாரு. இவன் தலையெடுத்து ஒண்ணரை ஏக்கரா பாத்துக்கினு இருக்கான், அதுலயும் போர்ல தண்ணி இல்ல." பிறகு முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். "தபிதாம்மா, இது இந்த சொவத்தத் தாண்டக்கூடாது."

அக்காவும் என்னைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார் என்பதே சரி.

நான் தாண்டவிடவில்லை. காம்பவுண்டில் இதை யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. முதல் மாதம் என் வீட்டுக்காரர், "ஒடம்பு சரியில்லியா, டாக்டர் கிட்ட போலாமா?" என்று கேட்டார். இப்போது அந்த யார்டையே வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள், கிருஷ்ணப்பாவும் வேறு இடத்தில் வேலையில் இருக்கிறார். அதனால்தான் வாய் திறக்கிறேன்.

அந்த வாரம் ஜெர்ரி வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். திங்கட்கிழமை அவன் மேலாளரோடு போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது. பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷ். அந்தப் பதிவுகள் நம்பத்தக்கவை இல்லை, அவற்றை வைத்து யாரையும் வரிசைப்படுத்தக்கூடாது, நம் அறிக்கையைத் திரும்பப் பெறவேண்டும் என்றான். காரணம் சொல் என்றார் அவர். சொல்லமுடியாது என்றான். பிறகு அவர், "மீ நான்னகாரி கோசமா, ஜெர்ரி?" என்று கேட்டார். உன் அப்பாவுக்காகவா என்று. அன்பாகத்தான் கேட்டார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் நடந்துகொண்டே இருந்தான். செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

புதன்கிழமை கிருஷ்ணப்பா வந்தார். வரதய்யபாளையம் பக்கத்து ஆள். ஒல்லியாக, நாற்பத்தைந்து வயதிருக்கும். ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்காமல் நேராக ரயிலேறி வந்திருந்தார். கையில் ஒரு பை நிறையப் பச்சைக் கடலைக்காய். நான் அப்போது அங்கே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வெளிச்சம் போதாது.

உள்ளே வந்தவர் உட்காரவில்லை. "அண்ணா, நான் மேனேஜர் கிட்ட சொல்டறேன். ஞாயித்துக்கெழமயெல்லாம் நான் தான் சார், அண்ணா இல்லன்னு சொல்டறேன்."

"சொல்ட்டு?"

"போனா போவுது அண்ணா, பர்லேது, பரவால்ல."

"போயி? ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில குந்திக்கினு கடலக்கா துன்னலாமா?"

கிருஷ்ணப்பாவுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் வேறு எதுவோ ஆகிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்தார். "உன்ன வூட்டுக்கு அனுப்பிட்டு நான் எப்பிடி அண்ணா அந்த லைன்ல நடக்கறது? தம்பி, நீ சொல்லு" என்று ஜெர்ரியிடம் திரும்பினார்.

ஜெர்ரியால் அவர் முகத்தைப் பார்க்கமுடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அண்ணா, டபுள் பாக்குற அன்னிக்கி ஏன் அவ்ளோ நேரமாவுது? களைப்புல மெதுவா நடப்பீங்களா?"

"நடக்கறதெல்லாம் நடந்துடுவேன் தம்பி. கண்ணு தான் செருவும். ஒரு சக்கரத்தத் தட்டுவேன், தட்டினேனா இல்லியான்னு அடுத்த வேகன் வரசொல்லோ டவுட்டு வரும். திரும்பிப் போயி மறுபடி தட்டுவேன். எல்லாத்தயும் ரெண்டு தபா." அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "என் நம்பர்னா கூட, சரி போன்னு வுட்டுடுவேனோ என்னவோ. அது அண்ணா நம்பர்ல போவுது இல்ல. அவுரு பேரு கெட்டுடக்கூடாது பாரு."

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தார். குழாய் ஒழுகவே இல்லை.

திரும்பி வந்து மகன் எதிரே நின்றார். "நீ போட்டது தப்பு இல்லடா. ஞாயித்துக்கெழம லேட்டு என்னோடது தான். நான் வராததால ஆன லேட்டு. அத்த அவன் நம்பர்ல எழுதினா தான் பொய்யி."

"நான் அந்த வீடியோவ ஒம்போது ஆட்டம் பாத்தேன் நைனா" என்றான் ஜெர்ரி. "இங்க ஒரு நாளு யார்டுக்கு வந்து நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரே ஆளு ரெண்டு ஆளு மாதிரி இருக்குதுன்னு என் கண்ணுல பட்டுச்சு. பட்டுச்சு நைனா. இதுக்கெல்லாம் யாரும் வீடியோ எடுக்கல, டைம் இல்லன்னு ரிப்போர்ட்ட அனுப்பிட்டேன்."

"சரி, வுடு. கிஷ்ணப்பா, மொதல்ல துன்னு. துன்னுட்டு தூங்கு. இன்னிக்கி ராத்திரி ஒனக்கு ஷிப்டு இருக்குது."

கிருபாபாய் அக்கா தட்டு எடுத்துவைத்தார். நாலு நாளாக அண்ணனோடு பேசாதவர், "உங்களுக்கும் போடட்டுமா?" என்று கேட்டார்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அண்ணன் கடைசியாகப் போய் வந்தார். யார்டில் சால்வை போட்டார்களாம். சுத்தியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசி ரயிலில் ஒரு வேகனுக்குச் ‘சிக்' எழுதி, அதைக் கழற்ற ஒன்றே கால் மணி நேரம் தாமதமாயிற்று என்று கிருஷ்ணப்பா மூலம் பிற்பாடு தெரிந்தது. அதுவும் ஏழாம் எண்ணில்தான் ஏறியிருக்கும். இந்த முறை நிஜமாகவே ஏழு.

ஜெர்ரி முன்னறைச் சுவரிலிருந்து ஹாக்கி மட்டையை இறக்கிவிட்டான். அக்கா அதைத் தூக்கிப்போட மனமில்லாமல் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். நல்ல உயரம். ஆபீசில் சரக்கு ரயில் வேலை மறுபடி வந்தால், முதலில் யார்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டுத்தான் எண்ணைத் தொடுவேன் என்று சொன்னானாம். சிரித்தார்களாம். பிறகு ஒரு முறை போயும் வந்தான், கால் வீங்கி.

அண்ணன் போதகரிடம் போய், இனி வேறு யாராவது பாடம் வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கண் சரியில்லை என்று காரணம். காம்பவுண்டில் கண்ணைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். எந்த ஆஸ்பத்திரி, ஆபரேஷன் உண்டா என்று என்னிடம்தான் கேட்டார்கள். "இருக்குமோ என்னவோ" என்றேன். இரண்டாவது பெஞ்சை விட்டுவிட்டு, கதவோரத்துக் கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்.

ஏப்ரல் முதல் ஞாயிறு. பிரசங்கம் பாதி நடந்திருக்கும். கதவருகே நிழல் தட்டியது. திரும்பிப் பார்க்கக்கூடாதுதான். பார்த்தேன். கிருஷ்ணப்பா. பதினாலு வருஷத்தில் முதல்முறையாக ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவருக்கு வேலை முடிந்திருக்கிறது. நிற்பதற்கு இன்னொருவருடைய ஷிப்டு இல்லை. வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்திருக்கிறார். நெற்றியில் விபூதி, சட்டையில் யார்டுக் கிரீஸ். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். அண்ணன் நகர்ந்து இடம் கொடுத்தார்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணப்பாவின் தலை தொங்கியது. பிறகு சாய்ந்தது. சாய்ந்து அண்ணனின் தோளில் நின்றது. லேசாகக் குறட்டையும் வந்தது. இந்தச் சர்ச்சில் பிரசங்கத்தில் தூங்கியவர்கள் பட்டியல் என்னிடம் முழுசாக இருக்கிறது, யாரையும் நான் விட்டுவைத்ததில்லை. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. காணிக்கைப் பை கொண்டுவந்தவர் அந்த பெஞ்சருகே தயங்கினார். அண்ணன் உதட்டில் விரல் வைத்தார். அவர் தாண்டிப் போய்விட்டார்.

கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தோம். ஜெர்ரி எழுந்தான், அக்கா எழுந்தார். காய்ச்சலிலும் பாட்டுக்கு எழுந்து நிற்கிற வேதநாயகம் அண்ணன், வெள்ளைச் சட்டைத் தோளை அசைக்காமல், ஐந்து சரணமும் உட்கார்ந்தே இருந்தார்.